அருவியில் குளித்த பட்டாளத்துத் துப்பாக்கி

துப்பாக்கிக் கடை வேலையில் குண்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வாங்க வருகிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும். கடையில் நின்று பிழைத்தவர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

பெட்டி திறந்த அன்று

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு, பட்டாளத்தில் கழித்த ரைபிள்கள் தென்காசியில் எங்கள் கடைக்கு வந்து இறங்கின. குழலைக் கடைந்து, வேட்டைத் தோட்டாவுக்கு மாற்றியவை. யுத்த காலம் பூராவும் லைசென்ஸை வைத்துக்கொண்டு துப்பாக்கிக்குத் தவம் கிடந்தவர்கள் சும்மா இருப்பார்களா? நான் பெட்டியில் ஆணி பிடுங்கி முடிப்பதற்குள் கடை கொள்ளாத கூட்டம். எனக்கும் ஒரே குஷி, சாப்பாடு மறந்துவிட்டது.

சிவகிரி மிராசுதார் ஒருவர் வெள்ளை வேட்டியோடு ஒரு ரைபிளை மார்போடு அணைத்துக்கொண்டார். கிரீஸ் அப்புகிறதே என்று துணியை நீட்டினேன். "வேட்டி கெடக்கட்டும்வே. இதைக் கீழ வச்சா இன்னொருத்தன் தூக்கிருவான்."

எத்தனை பேர்?

விலைக்கு முன்னால் பலர் கேட்டது, அது எத்தனை பேரைச் சுட்டது என்பதைத்தான். குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் கேட்டபோது, எங்கள் முதலாளி வாய் கூசாமல் "பர்மாவுல பத்துப் பேரு" என்றார். லாட்ஜ்காரருக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்தில் நின்ற பென்ஷன் ஹவில்தார் ரைபிளின் கட்டையைத் தடவிப் பார்த்தார். "இது டிப்போவை விட்டே வெளிய போயிருக்காது. இதை வச்சு நாங்க பரேடுல சலாம் மட்டுந்தான் அடிச்சோம்."

வாசலில் நின்ற அம்மாள்

புளியங்குடி சங்கரபாண்டியனுக்கு மலையடிவாரத்தில் கடலைக்காடு. இரண்டு விளைச்சலைக் காட்டுப்பன்றி கிளறித் தின்றுவிட்டது. இதுவும் போனால் காடே கைவிட்டுப் போகும். ஆசையாக ஒரு ரைபிளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவர் மனைவி கோமதி வாசலிலேயே நின்று என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, துப்பாக்கி திரும்பி வந்துட்டு. இதைத் தூக்கிட்டுப் போன பிள்ளை வீடு வந்து சேந்தானா?"

அந்த அம்மாளின் தம்பி பர்மா சண்டைக்குப் போனவன். செத்தான் என்ற செய்தி மட்டும் வந்தது. தலைமுழுகிச் சாவுத் தீட்டுக் கழிக்காமல் துப்பாக்கி வீட்டுப்படி ஏறக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். சங்கரபாண்டியன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏட்டி, பன்னி தீட்டுப் பாத்தா வருது?"

சாரலில்

விற்ற துப்பாக்கியைக் குற்றாலத்து மலையடியில் சுட்டுக் காட்டிவிட்டுத்தான் ஒப்படைப்போம். மறுநாள் அங்கே போகும் வழியில், கோமதியம்மாள் அதைக் கணவர் கையிலிருந்து வாங்கி, மேலிருந்து கீழ்வரை நல்லெண்ணெய் தேய்த்து, விறுவிறுவென்று அருவிக்குள் நுழைந்துவிட்டார். "அம்மா, இரும்பு! துருப்பிடிக்கும்!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் துப்பாக்கியைக் கண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அதைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டினேன்; சுடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் ஒரே வெடிதான். பாறைமேல் வைத்த தேங்காய்ச் சிரட்டை தூள் தூளாகப் பறந்தது. நானும் சங்கரபாண்டியனும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கோமதியம்மாள் ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இனி வீட்டுக்குக் கொண்டுட்டு வாங்க. யாரு பெத்த பிள்ளையோ, அவனுக்கு நான் முழுகிட்டேன். என் தம்பிக்கும் எங்கனயாவது ஒருத்தி முழுகியிருப்பா."

தோட்டா, லைசென்ஸ், துரு மூன்றுக்கும் பதில் தெரிந்தால் துப்பாக்கி விற்றுவிடலாம் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் அந்த அம்மாளுக்கு விற்றுப் பார்த்ததில்லை.