ஹாதெலான்டில் ஒரு பதிலாள்

2009 ஆகஸ்ட், வியாழக்கிழமை, காலை ஐந்தே கால். ஒஸ்லோவில் என் மகள் குடியிருக்கும் புருசெத் அடுக்குமாடியின் வாசலில், மருமகனின் கோட்டும் மப்ளருமாக நின்றிருந்தேன். கோடைக்காலமாம். மூன்றாம் மாடிச் சிவநேசன் அரைக்கைச் சட்டையோடு இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். பதினோரு வருடமாகப் பால் டாங்கர் ஓட்டுகிறார். நாமக்கல் பக்கம் ஒரு கிராமப் பால் சங்கத்தில் செயலாளராக முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான் என்று மகள் அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"பூங்கா, கப்பல் எல்லாம் பாத்திருப்பியள் அண்ணை. இண்டைக்கு மாடு பாப்பம். வேலையிடத்திலை கேட்டனான், ஓமெண்டுட்டினம்," என்றார்.

ஆறு மணிக்கு டாங்கரில் ஏறினோம். வடக்கே ஹாதெலான்ட் வரை அறுபத்தைந்து கிலோமீட்டர். நகரம் தீர்ந்ததும் காடு, காடு தீர்ந்ததும் சரிவில் மஞ்சளாக விளைந்த பார்லி, நடுவே சிவப்புத் தொழுவங்கள். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு குப்பைக் காகிதம் இல்லை. முதல் பண்ணையில் ஆளே இல்லை. சிவநேசன் தானே கதவைத் திறந்து, பாலை முகர்ந்து, வெப்பநிலை பார்த்து, ஒரு குப்பியில் மாதிரி எடுத்த பிறகுதான் குழாயை மாட்டினார்.

"மலை உச்சியிலை பத்து மாடு வைச்சிருந்தாலும் வண்டி போகும். ஏத்துக்கூலி தூரத்துக்குத் தூரம் கூடாது, எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றார். எங்கள் சங்கத்தில், கடைசிக் குக்கிராமத்துக்கு வண்டி அனுப்பக் கட்டுப்படியாகாது என்று ஒரு கடிதம் போனது. அதில் கையெழுத்திட்டவன் நானே.

எட்டரை மணிக்கு மூன்றாவது பண்ணை. பதினாறு மாடுகள். உரிமையாளர் மாரித், ஐம்பது வயதுப் பெண்மணி. கணவரோடு ஒரு வாரம் கடற்கரைக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். மாடு வைத்திருப்பவர் விடுமுறையா என்று நான் விழித்ததும் சிவநேசன் விளக்கினார்: "இஞ்சை அதுக்கெண்டு பதிலாள் இருக்கு அண்ணை. அவர் வந்து கறப்பார். சம்பளத்துக்கு அரசாங்கமும் காசு குடுக்கும்." மாரித்தின் விடுமுறையில் இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்ததால் பதிலாளும் அங்கேயே இருந்தார்.

அவர் அயர்லாந்துக்காரர், பெயர் டெக்லன். பால் அறையின் கதவை மறித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"குழாயை மாட்டாதீர்கள்," என்றார் ஆங்கிலத்தில். "மருந்து போட்ட மாட்டின் பாலும் தொட்டியில் கலந்துவிட்டது. கறந்து முடித்த பிறகுதான் பார்த்தேன்."

மடி வீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டைத் தனி வாளியில் கறக்க வேண்டும். அவர் ஊரில் அடையாள நாடாவை வாலில் கட்டுவார்களாம். இங்கே பின்னங்காலில் கட்டுகிறார்கள். கை பழகிய வழியில் அவர் வாலைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை மாட்டியிருக்கிறார்.

"ஒரு வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். இன்று மனம் இங்கே இல்லை. நேற்று மனைவி ஃபோன் செய்தாள். சனிக்கிழமை எங்கள் மாடுகளை விலை பேச ஆள் வருகிறான்."

அயர்லாந்தில் கெர்ரி பக்கம் அவருக்கு நாற்பது மாடுகள். போன வருடம் நல்ல விலைக்குப் போன பால், இந்த வருடம் லிட்டருக்கு இருபது சென்ட் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. தீவனத்துக்கே போதாது. போதாக்குறைக்கு, யார் எவ்வளவு பால் ஊற்றலாம் என்ற வரம்பைச் சில வருடங்களில் எடுத்துவிடுவதென்று ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிவாகிவிட்டது. பெரிய பண்ணைகள் பெருகும், எங்களைப் போன்றவர்கள் ஓரம் கட்டப்படுவோம் என்றார். கறவையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கூலிக்கு இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது.

இதற்குள் மாரித் வந்துவிட்டார். டெக்லன் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். தொட்டியில் இருந்தது இரண்டு நாள் பால். நான் ஒரு கூச்சலுக்குத் தயாரானேன்; எங்கள் சங்கமாக இருந்தால் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். மாரித் நேரே உள்ளே போய்த் தொட்டியின் மடையைத் திறந்துவிட்டார். பால் சாணிக் குழிக்கு ஓடியது. டெக்லன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு மாரித் சிவநேசனிடம் நார்வேஜியனில் ஏதோ சொன்னார். அவர் என் காதில் மொழிபெயர்த்தார்: "சொன்னபடியாலை எங்கடை பால் மட்டும்தான் போச்சுது, மறைச்சிருந்தா முழு வண்டிப் பாலும் போயிருக்கும் எண்டு சொல்லுறா. எங்களுக்கு ஒவ்வொரு வசந்தத்திலையும் அரசாங்கத்தோடை இருந்து விலை கதைக்க ஆக்கள் இருக்கினம், இவருக்கு அப்பிடி ஆருமில்லை, எங்களுக்கும் வாற மாதம் தேர்தல் முடிஞ்சா அதுவும் என்னாகுமோ தெரியாது எண்டுறா."

டெக்லன் பக்கம் திரும்பியபோது மாரித் ஆங்கிலத்துக்கு மாறினார். "வாங்குகிறவன் வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும். ஞாயிறு வரை இங்கே நான் கறந்துகொள்கிறேன். பையை எடு."

"உங்கள் விடுமுறை," என்று டெக்லன் இழுத்தார்.

"கடலைப் பார்த்தாயிற்று," என்றார் மாரித்.

டெக்லனின் ஊதியத்தில் பிடித்தம் உண்டா என்று என் செயலாளர் புத்தி கேட்கச் சொன்னது. நல்லவேளை, கேட்கவில்லை.

இன்னும் நான்கு பண்ணைகள் ஏறி இறங்கினோம். டெக்லனும் பையோடு ஏறி, எனக்கும் கதவுக்கும் நடுவே, தொழுவ வாசனையோடு உட்கார்ந்திருந்தார். பிற்பகல் இரண்டரைக்கு புருசெத்தில் விமான நிலையப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம்.

"விற்றுவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஆனால் நாளை மாலைக் கறவை என்னுடையது. மூன்று மாதமாக அவள் ஒரு நாள் ஓயவில்லை. முதலில் அவளைத் தூங்கச் சொல்வேன், பேச்சு எல்லாம் அப்புறம்."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

என் மேஜைக்கு முன்னால் முப்பது வருடமாகப் பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். விலை கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள், பாக்கி கேட்டு அழுதிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் கேனோடு வந்தவர்கள் உண்டு. ஒரு நாள் லீவு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கொடுக்கலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை.