முகத்துவாரத்தில் விட்டு விட்டு எழும் புகை

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நிற்கிறேன். ஒல்லாந்தர் கோட்டைக் கொடிமரம் நேற்றைய காற்றில் முறிந்து கிடக்கிறது. அதைக் குறி பார்த்துத்தான் படகுகள் உள்ளே நுழையும். குறி தப்பினால் மணல்திட்டில் அலை புரட்டிப் போட்டுவிடும்.

தூரத்தில் ஒரே ஒரு பாய். காற்றுக்கு முன்பே கடலுக்குப் போனவன், இந்தக் குப்பத்துக் கன்னியம்மாளின் புருஷன், திரும்பி வருகிறான். மரம் விழுந்தது அவனுக்குத் தெரியாது. கரையில் அவள் பச்சைப் பனையோலையைக் கொளுத்திப் புகை எழுப்புகிறாள். ஆனால் தெற்கே சுண்ணாம்புச் சூளையும் புகைகிறது. படகு அந்தப் பக்கம் திரும்புகிறது.

“இன்னாயா வேடிக்கை? சாக்கோட அந்த மொனையப் புடி!” என்று என்னை அதட்டுகிறாள்.

நனைந்த சாக்கைப் புகைமேல் விரிக்கிறோம், எடுக்கிறோம், மறுபடி விரிக்கிறோம். புகை அறுந்து அறுந்து, உருண்டை உருண்டையாக மேலேறுகிறது.

“இது எதுக்கும்மா?”

“சூளைப் பொகை வுடாம வரும். வுட்டு வுட்டு வந்தா, ஆளு கூப்புடுதுனு அதுக்குத் தெரியும்.”

கண் எரிகிறது. படகுக்கும் வெள்ளையாக உடையும் அலைக்கும் இடையே தூரம் குறைகிறது. சாக்கை மறந்து அதையே பார்க்கிறேன்.

“சாக்கப் பாருயா! கடல நான் பாத்துக்குறேன்.”

குனிந்தபடியே தூக்குகிறேன். திடீரென அவள் பக்கத்துச் சாக்கு தொய்கிறது. நிமிர்கிறேன். பாய் ஒரு முறை தாழ்ந்து, எழுந்து, எங்களை நோக்கித் திரும்புகிறது.

“பாத்துடுச்சு,” என்கிறாள், முகத்தைத் துடைக்காமலே. “இன்னும் உள்ள வரல. தூக்குயா!”