காற்றுப் பெட்டி இல்லாத ஆடி மாதம்

அந்த வருஷம் வீட்டில் எனக்கு இரண்டு பேரோடு சண்டை. தம்பியோடு அவன் வண்டிக்காக. நைனாவோடு அவர் நெஞ்சுக்காக. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தன் கல்யாணத்துக்கு முன்பே தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். ஷிப்டு முடிந்து வந்தால் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து இருமுவார். இருமி முடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு ராபர்ட்சன்பேட்டை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. மூடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக் காட்டிவிட வேண்டும், மூடிய பிறகு போனால் எவன் கேட்பான் என்பது என் கட்சி. நைனாவுக்கு ஒரே பதில்தான்.

"எனக்கு இன்னாம்மா கீது? பீடிய உட்டா சரியாப் பூடும்."

பீடியை விட்டார். இருமல் விடவில்லை.

உண்மையான காரணம் ஒருநாள் சமையல் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதில் விழுந்தது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "படம் எடுத்து, நெஞ்சுல தூசின்னு எழுதிட்டான்னு வச்சிக்கோ. டஸ்ட் கேஸு வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? இவளுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் பார்த்துக்கலாம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேராகப் போய் நின்றேன். "அப்படிப் பார்த்துக்கினு வர்ற மாப்பிள்ளை எனக்கு வேணாம் நைனா. என் பேரைச் சொல்லி நீங்க ஒளிஞ்சுக்காதீங்க" என்று கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் அழுதேன்.

தம்பி கதை வேறு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷாப்பில் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்கேயோ அலைந்து பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றைப் பிடித்து வந்திருந்தான். அது இருக்கிறபடியே ஓடினால் அவனுக்குப் போதாதாம். சீட்டுக்கு அடியில் கறுப்பாக ஒரு பெட்டி இருக்கும். எஞ்சினுக்குப் போகிற காற்று முதலில் அதில் நுழைந்து, எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்சைக் கடந்து, தூசியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கார்புரேட்டருக்குப் போகும். தம்பி அந்தப் பெட்டியைக் கழற்றிப் பரண் மேல் போட்டான். அதன் இடத்தில் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்த ஒரு அலுமினியப் புனல். புனல் வாயில் டீ வடிகட்டி போல ஒரு கம்பி வலை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்று உள்ளே பெட்ரோல் வருகிற ஜெட்டைப் பெரிய ஓட்டை உள்ளதாக மாற்றினான். ஓட்டிப் பார்ப்பான், பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பான், மறுபடியும் திருகுவான். சோற்றைப் பார்த்தானோ இல்லையோ, பிளக்கைப் பார்த்தான்.

பொய் சொல்லக்கூடாது. பேத்தமங்கலம் ரோட்டில் ஒரு காலையில் என்னைப் பின்னால் உட்கார வைத்து முறுக்கினான் பாருங்கள், அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் காற்றை இழுக்கிற சத்தம் என் தொடைக்குப் பக்கத்திலேயே கேட்டது. "இன்னாக்கா, எப்படி?" என்றான். "மெதுவாப் போடா எருமை" என்றேன். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்று என்றால் சயனைடு மேட்டுக் காற்று. கல்லை மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்களே, அந்த மாவு அப்படியே எழுந்து வரும். வாசலும் ஜன்னலும் அடைத்தாலும் சோற்றுப் பானைக்குள் நறநறக்கும். அம்மா பெட்ஷீட்டை நனைத்து ஜன்னலில் கட்டுவாள். சாயங்காலம் பிழிந்தால் சாம்பல் தண்ணீர் ஒழுகும். தம்பியோ அந்த மேட்டை ஒட்டின ரோட்டில்தான் தினமும் இரண்டு வேளையும் பறந்துகொண்டிருந்தான்.

"டேய், இங்க ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிக்கினு கீறோம். நீ வண்டி வாயைத் தொறந்து உட்டுட்டு சுத்தறியே, அறிவு கீதா உனக்கு?"

"காத்து ஃப்ரீயா போனாத்தாங்க்கா பிக்கப்பு. உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ போ."

"பட்டாத்தாண்டா உனக்குப் புத்தி வரும்" என்றேன்.

ஆடி முடியவில்லை, பட்டுவிட்டான். முதலில் ஏற்றத்தில் திணறியது. பிறகு உதைத்தால் கிக்கர் எந்தத் தடையும் இல்லாமல் தொளதொளவென்று கீழே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்தான். நைனா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் காட்டுவதற்காகவே பக்கத்தில் போய் நின்றேன்.

சிலிண்டரை உருவினான். உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழித்திருந்தது. பிஸ்டனைச் சுற்றி எண்ணெயும் தூசியும் குழைந்து சாம்பல் நிறத்தில் ஒரு பசை. சொல்லிக் காட்ட வாய் வரவில்லை எனக்கு. அவன் முகம் அப்படிச் செத்துப்போயிருந்தது.

நைனா கையை நீட்டினார். தம்பி சிலிண்டரைக் கொடுத்தான். அவர் அந்தப் பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கோட்டை மேலிருந்து கீழ்வரை நெரடினார்.

"பெட்டியைக் கழட்டி எத்தினி நாளாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும் நைனா."

"ரெண்டு மாசம்" என்றார். "இரும்புடா இது."

தம்பி கையைச் சாக்கில் துடைத்தான். சிலிண்டரைத் திருப்பியபடி நைனா, "இதை இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

"உள்சுவரைக் கடைஞ்சு, பெரிய சைஸ் பிஸ்டன் போடணும் நைனா. சரியாப் பூடும்."

"ம். இதுக்கு வழி கீது."

சிலிண்டரைச் சாக்கின் மேல் மெதுவாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "காலைல ஆஸ்பத்திரிக்கு வர்றியாம்மா?"

இரண்டு வருஷமாக நான் தலைகீழாக நின்றும் நடக்காத காரியம். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வண்டி பிரிந்து கிடந்ததால் மறுநாள் நடந்தே போனோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கி அடிக்கடி நின்றார். நிற்கிற இடத்திலெல்லாம் யாரையோ தேடுகிற மாதிரி திரும்பிப் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எவ்வளவு நாளா இருமல்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

நைனா என் கையைத் தொட்டு நிறுத்தினார். "இல்ல சார். இந்தப் பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதறப்போ ஒரு நாள் ரத்தம் வந்துது. அப்போலேர்ந்து கீது. அப்பப்போ வரும்." அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்துச் சொன்னார். "உள்ள எப்படி இருக்கும்னுதான் தெரியாம இருந்துது சார்."

நான் பத்தாவது எழுதி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷமும் எங்கள் வீட்டில் எல்லோர் துணியையும் துவைத்தது நான்தான். தன் துண்டை மட்டும் நைனா யாரிடமும் கொடுக்க மாட்டார், குழாயடியில் அவரே கசக்கிப் பிழிந்து காயப்போடுவார். எங்கள் நைனா அவ்வளவு சுத்தக்காரர் என்று எங்கள் லைன் வீடுகள் பூராவும் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.