மாப்பிள்ளையில் பிழை சொல்லாத வீடு

கார் ரேஸில் இரண்டு கார்கள் முட்டிக்கொண்டால் யாரில் பிழை என்று சொல்வதற்கு மூன்று பேர் இருக்கிறார்கள். ஸ்டூவர்ட்கள். தகரக் கூரை போட்ட சின்ன அறைக்குள் ஃபேனைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். முட்டியவர்கள் இருவரும் உள்ளே போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முட்டிக்கொண்டவர்கள் அத்தானும் மைத்துனனும் என்றால், அதுவும் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அம்மா வளர்த்த மைத்துனன் என்றால், முப்பது ஸ்டூவர்ட்கள் கூடினாலும் உண்மை வெளியே வராது.

அத்தான் என் கணவர். மைத்துனன் என் தம்பி.

என் கணவரின் வீடு கொட்டாஞ்சேனையில். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதற்குள் இரண்டு பழைய சின்னக் கார்கள். கல்யாணமான புதிதில் அவர் என்னோடு கதைத்ததைவிட அந்த ஷெட்டுக்குள் என் தம்பியோடு கதைத்ததுதான் அதிகம். தம்பிக்கு ரேஸ் பழக்கிவிட்டவரும் அவரே. இருவரும் முழங்கைவரை கிறீஸோடு சாப்பிட வந்து நிற்பதைப் பார்க்க எனக்குக் கோபமும் வரும், சந்தோஷமும் வரும். தம்பி அவரைவிட வேகமாக ஓடத் தொடங்கிய பிறகு ஷெட்டுக்குள் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. அதை நான் கவனித்தேன். பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. மாப்பிள்ளையில் பிழை சொல்லக் கூடாது. ஒருமுறை என் கணவர் காரை ரிவர்ஸ் எடுத்து எங்கள் வீட்டுக் கேற்றை நெளித்துவிட்டார். அம்மா ஓடி வந்து, "அது கேற் இருக்கிற இடம் பிழை, நான் எத்தினை தரம் இவரிட்டைச் சொன்னனான்" என்று அப்பாவைக் காட்டினார். கேற் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மற்ற வீடுகளில் மாமியார் உடைத்தால் மண்குடம். எங்கள் வீட்டில் மருமகன் எதை உடைத்தாலும் மண்குடம். நாங்கள் சிரிப்போம். தம்பிதான் எங்களில் கூடச் சிரிப்பான்.

அந்த வருஷம் தம்பிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மருதானையில் வேர்க்‌ஷொப் வைத்திருந்த ஒருவர் பெரிய வகுப்பு ரேஸுக்குக் கார் இறக்குபவர். இந்த சீசன் முடியும்வரை தண்டனை ஒன்றும் வாங்காமல் ஓடினால் அடுத்த வருஷம் தன் காரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்படியொரு காரைத் தம்பியால் ஏழு ஜென்மத்துக்கும் வாங்க முடியாது. பிள்ளை அதே நினைப்பில் திரிந்தான். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு காலால் பிறேக் மிதிப்பான்.

கடைசிக்கு முந்தின ரேஸ் களுத்துறைக்கு அங்கால். அன்று அம்மாவும் சோற்றுப் பார்சல்களோடு வந்திருந்தார். நான் வேலியோரமாக ஒரு வளைவுக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பி முன்னால், என் கணவர் பின்னால். வளைவில் உள்பக்கத்தால் முந்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. பின்னால் வருகிறவரின் முன்சில்லு, அதுதான் முன்சக்கரம், முன்னால் போகிறவரின் கதவுவரை வந்துவிட்டால் அவருக்கு இடம் விட வேண்டும். வராவிட்டால் நுழையக் கூடாது; நுழைந்து முட்டினால் நுழைந்தவரில் பிழை. என் கணவரின் சில்லு தம்பியின் பின்சில்லைக்கூடத் தாண்டவில்லை. நுழைந்தார். தம்பியின் கார் சுழன்று புல்லுக்குள் போய் நின்றது. இவர் போய்க்கொண்டே இருந்தார்.

தம்பி நடந்து வந்தான். காயம் ஒன்றுமில்லை. முகம் சிவந்திருந்தது. "கண்டனீங்களே அக்கா, இடமே இல்லை" என்றான். நான் "ஓம், கண்டனான், போய்ச் சொல்லு" என்றேன். அதற்குள் அம்மா அவனுடைய கையைப் பிடித்துவிட்டார்.

"அத்தானை நாலு பேருக்கு முன்னால பிழை சொல்லிப்போடாதை ராசா. நாளைக்கு அக்கா அந்த வீட்டிலை இருக்க வேணும். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போறேல்லை."

நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு அந்த வீட்டில் ஒரு குறையுமில்லை, அதுக்குள்ளை என்னை இழுக்காதேங்கோ என்றேன். தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் கணவருக்குப் பின்னால் ஸ்டூவர்ட்களின் அறைக்குள் போனான்.

கதவு திறந்தேதான் இருந்தது. தம்பியின் காரில் இருந்த கமரா முன்பக்கத்தை மட்டும்தான் காட்டியது. இவருடைய கமரா அன்று வேலை செய்யவில்லை. ஸ்டூவர்ட்களில் மூத்தவர், தங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை, ஒருவரிலும் பிழையில்லை என்று முடிக்கலாம், நீங்கள் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். தம்பி பேசாமல் இருந்திருந்தாலே போதும். அவன், "நான்தான் இடம் விடாமல் வளைச்சனான். அத்தானிலை பிழையில்லை" என்றான். தமிழில் சொன்னான், பிறகு அதையே இங்கிலீஷிலும் சொன்னான். என் கணவர் தன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயால் ஒப்புக்கொண்டவனைத் தண்டிக்காமல் விட ஸ்டூவர்ட்களுக்கு வழியில்லை. கடைசி ரேஸ் ஓடத் தடை. மருதானைக்காரர் தம்பியின் தோளில் தட்டிவிட்டுத் தன் வேனில் ஏறிப் போனார்.

திரும்பி வரும்போது காரில் நான் என் கணவரைக் கேட்டேன். "அவனே சொல்லிப்போட்டான், பிறகு நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். களுத்துறைப் பாலம் தாண்டி கொட்டாஞ்சேனை வரும்வரை நான் வாயை மூடவில்லை. அவர் முன்னால் போன பஸ்ஸுக்கெல்லாம் ஹோர்ன் அடித்தார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நெடுநாள் சென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவராகவே என்னோடு வெள்ளவத்தைக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் தம்பியிடம் சொன்னார்: "மச்சான், அண்டைக்கு முட்டினது நான். இடம் இல்லை எண்டு தெரிஞ்சுதான் விட்டனான்." தம்பி எழும்பி நின்றுவிட்டான். "சீ, என்ன அத்தான் நீங்கள், அது என்ரை பிழைதானே" என்றான். இவர் மறுபடியும் சொன்னார். அவன் மறுபடியும் மறுத்தான். அம்மா பெருமையாகச் சிரித்துக்கொண்டு மீன் குழம்பை ஊற்றினார். அன்றைக்கு அம்மாவில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. தம்பி பிறகு ரேஸுக்குப் போகவில்லை. நேரமில்லையாம்.

போன மாதம் அவன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு காலி நகருக்குப் போகிற பெரிய வீதியால் வந்தான். பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் இருந்து ஒரு ஓட்டோ பார்க்காமல் கொள்ளாமல் வந்து கதவில் உரசியது. ஓட்டோக்காரன் பயந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே இறங்கினான். அவன் வாய் திறக்க முன்னம் தம்பி இறங்கி, "மகே வெரெத்த மல்லி, மகே வெரெத்த" என்று சிங்களத்தில் சொன்னான். என் பிழை தம்பி, என் பிழை. ஓட்டோக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு தம்பியின் மனம் மாறுவதற்குள் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தம்பி வந்து ஏறினான். "ஏன்ரா? அவன்ரை பிழையெல்லே?" என்று கேட்டேன். அவன் கண்ணாடியில் ஓட்டோ போன பக்கத்தைப் பார்த்தான்.

"இருக்கலாம் அக்கா," என்றான். "எனக்கு இப்ப தெரியிறேல்லை."