கம்பி தேடிய கப்பல்காரர்

ரங்கூன் துறைமுகத்தில் கூட்ஸ் வண்டிகளைக் கோர்ப்பது என் வேலை. ஒரு கப்பல் மூன்று நாள் நின்றது. அதில் வந்த போலந்துக்காரர் தினமும் எங்கள் லைன் பக்கம் வந்து நிற்பார். பேரை நான் கேட்கவில்லை. வழுக்கைத் தலை, பெரிய கைகள். எங்கள் டீசல் எஞ்சின் வந்தால் முதலில் மேலே பார்ப்பார், பிறகுதான் எஞ்சினைப் பார்ப்பார்.

“கேளுடா, காக்காவா எண்ணுறாரு?” என்று டிரைவர் சிரித்தார்.

கேட்டேன். “கம்பி” என்றார். கையும் அரைகுறை இங்கிலீஷுமாகச் சொன்னார். ஊரில், மேலே போகும் கம்பியிலிருந்து கரண்டு எடுத்து ஓடும் எஞ்சினை ஓட்டியவராம். இரண்டு பாதியைச் சேர்த்த ஒரே எஞ்சின்; இரண்டு முனையிலும் டிரைவர் உட்காரும் இடம் உண்டு. நிலக்கரி கூட்ஸைக் கடல்வரை இழுக்கும். லோடு குறைந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். இவர் கப்பலுக்கு வந்துவிட்டார்.

“இப்ப அது எங்க?”

“ஒரு பாதியை உடைச்சுட்டாங்க. இன்னொரு பாதி வேற எஞ்சினோட சேர்ந்து ஓடுதாம். ஊர்லேருந்து வந்த கடுதாசியில எந்தப் பாதின்னு எழுதலை. கடலுக்குப் போறப்ப நான் உட்கார்ந்த பாதி ஒண்ணு இருக்கு.”

கடைசி நாள் டிரைவர் அவரை எஞ்சினில் ஏறச் சொன்னார். படியில் கால் வைக்குமுன் மேலே பார்த்தார். பிறகு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கப்பலுக்கு நடந்தார்.

வண்டி கோர்க்கும்போது இப்போதும் நினைத்துக்கொள்கிறேன், இன்னும் ஓடுவது எந்தப் பாதியோ.