கம்பியில் நான், மொட்டை அவருக்கு

நாளை ஆபீஸ் சுற்றுலா. காட்டுப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு அக்கரைக்குப் போக வேண்டுமாம்.

ஷூ, இறுக்கிக் கட்டிய கூந்தல், உடல் எடை என்று வழிகாட்டி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் அம்மா திருத்தணி மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ நல்லபடியா வந்துட்டா மொட்டை போடறதா முருகனாண்ட வேண்டிகினேன்."

"எனக்காம்மா?"

"உனக்கு இன்னாத்துக்குடி? மாப்பிள்ளைக்கு."

மிச்சமிருக்கும் முடிக்கு மூன்று வகை எண்ணெய் தடவும் என் கணவர் பக்கத்திலேயே இருந்தார். காலையிலிருந்து "பத்திரமா போய்ட்டு வா" என்று பத்து முறை சொன்ன மனிதர், அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நான் திரும்பி வர வேண்டும் என்று நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள். அவர் எழுதுகிறாரா என்று பார்க்க வேண்டும்.