யாரும் தொடாத பக்கங்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் கம்ப்யூட்டரக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவள்தான், பெரிய டாக்டருக்குப் பாஸ்வேர்டு மறந்தாலும் அவள்தான். கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறையை ஒட்டி, ஜன்னலில்லாத ஒரு பொந்து அவளுடைய ஆபீஸ். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கும். நல்லது நடந்தால் மேல்மாடிக்காரர்களுக்குப் பெயர் வரும். கெட்டது நடந்தால் கீழே போன் வரும்.

வீட்டுக்காரருக்குத் தையல்கடை. "உன் வேலை என்னன்னு கேக்குறாங்க, நான் என்னத்தைச் சொல்றது?" என்று அவர் கேட்டால், "உங்க வேலைதான். கிழிஞ்சதுல ஒட்டுப் போடுறேன்னு சொல்லுங்க" என்பாள்.

ஒட்டுப் போடுவதில் அவள் கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனமே கடைசியில் அவளைக் குப்புறத் தள்ளியது.

தீவிர சிகிச்சை வார்டில் எல்லாப் படுக்கைகளின் இதயத் துடிப்பும் ஒரே கம்ப்யூட்டருக்கு வரும். நர்ஸ் மேஜையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான், யாருக்காவது துடிப்பு தடுமாறினால் மணி அடிக்கும். படுக்கையோரக் கருவிகளின் சத்தத்தை, நோயாளிகள் கண்ணயரட்டும் என்று எப்போதோ அடக்கிவிட்டார்கள். போதாதென்று நிர்வாகம் மருந்து இருப்பு, நோயாளி விவரம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் அந்த ஒன்றின் தலையிலேயே கட்டியது. அது திணறியது. "புதுசு ஒண்ணு வாங்கித் தாங்க சார்" என்று மேனேஜரிடம் போய் நின்றாள். "இருக்கறத வச்சு ஓட்டும்மா, நீதான் மந்திரவாதியாச்சே" என்றார். புகழ்ச்சிக்குப் பின்னால் என்ன வருமென்று தெரிந்தும் மயங்குகிறவர்கள் உண்டு. அவளும் மயங்கினாள்.

கம்ப்யூட்டரை ஓட்டுகிற இயங்குதளத்தின் அடிவயிற்றில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடுகிற எந்த நிரலுக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு போடுவது அதுதான். மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு பரிமாறும். அவள் அந்தக் கர்னலுக்குள் ஒரு கண்காணியை உட்கார வைத்தாள். அது அவ்வப்போது எட்டிப் பார்த்து, எந்தப் பக்கத்தை நிரல்கள் தொடுகின்றன, எது சும்மா கிடக்கிறது என்று கவனிக்கும். வெகுநேரம் யாரும் தொடாத பக்கங்களைத் தூக்கி டிஸ்க்கில் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யும். மறுபடி தேவைப்பட்டால் டிஸ்க்கிலிருந்து எடுத்து வரவேண்டியதுதான். கம்ப்யூட்டர் பறந்தது. மேனேஜர் கூட்டத்தில் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

தொடாததெல்லாம் வேண்டாதது என்பது அந்தக் கண்காணியின் கணக்கு. மணி அடிக்கும் நிரலை யார் தொடுவார்கள்? ஆபத்து வந்தால்தானே அதற்கு வேலை. அந்த வாரம் வார்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்த அந்த நாட்களில் கண்காணி மணியைத் தூக்கி டிஸ்க்கில் போட்டுவிட்டது. இந்தப் பக்கங்களை மட்டும் நகர்த்தாதே என்று கட்டிப்போட ஒரே ஒரு வரி போதும். ஊரெல்லாம் ஒட்டுப் போட்டவளுக்கு அந்த ஒரு வரி தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் வெல்டிங் வேலை செய்கிற ஒருவருக்குத் துடிப்பு தடுமாறியது. டிஸ்க்கோ கிழட்டு டிஸ்க், அந்த நேரம் பார்த்து எல்லா விவரங்களையும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. மணி நிரல் மெமரிக்குத் திரும்ப வழியில்லாமல் வரிசையில் நின்றது. வார்டு நர்ஸ், எல்லோரும் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடுகிற பெண், மறுகோடியில் திரைக்குப் பின்னால் ஒரு முதியவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணி சத்தம் கேட்டதும் ஓடினாள். அதற்குள் நிமிடங்கள் போயிருந்தன. வெல்டர் பிழைக்கவில்லை.

தடுமாறிய நேரத்தைக் கம்ப்யூட்டர் சரியாகவே பதிந்திருந்தது. பதிவது ஒரு நிரல், சத்தம் போடுவது வேறு நிரல் என்று யாருக்குத் தெரியும்? மணி அடித்தும் நர்ஸ் வரவில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். வெல்டரின் மனைவி எல்லோர் முன்னாலும் சின்ன சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ நல்லா இருப்பியாம்மா?" என்று கேட்டாள்.

செய்தி கீழ்த்தளத்துக்கு வந்த உடனே கம்ப்யூட்டரக்காவுக்கு விளங்கிவிட்டது. கையோடு மேலே போய், வார்டு கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியை எழுதி மணியைக் கட்டிப்போட்டாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

தைத்துக்கொண்டிருந்த சட்டையை அவர் கீழே வைத்தார். "சொன்னா உன் வேலை போயிடும்."

"சொல்லலைன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

"வேலையோட போகுமா?"

"போகாது. கொலைகாரின்னு பேரும் சேந்து வரும்."

"அப்ப சொல்லிடு" என்றார்.

சொன்னாள். ஆஸ்பத்திரி போட்ட விசாரணைக் குழுவின் தலைவர், வெளியிலிருந்து வந்த மூத்த டாக்டர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பு உங்களோடதுன்னு நீங்களே சொல்றீங்க. நல்ல மனசுதான். ஆனா எனக்குக் கண்ணால பாக்கணும்" என்றார்.

அதுவும் நியாயம்தான். சாமான் அறையில் அதே மாதிரி கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதே ரகக் கிழட்டு டிஸ்க்கைப் போட்டு, பழைய அமைப்பை அப்படியே ஏற்றி, துடிப்பு தடுமாறுவதுபோல் காட்ட ஒரு பொத்தானும் வைத்தாள். முதல் நாளே எல்லாவற்றையும் ஓடவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டாள். ஒரு முழு நாள் யாரும் தொடாமல் இருந்தால்தான் மணி டிஸ்க்குக்குப் போகும். ஒரு தடவை பொத்தானைத் தொட்டால் போதும், தாமதமாக அடித்துவிட்டு மெமரிக்குத் திரும்பிவிடும், அடுத்த தடவை உடனுக்குடன் அடிக்கும்.

குழு வரும் நாளன்று சின்ன சிஸ்டர் முன்கூட்டியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டரக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உள்ள வந்து உக்காருங்க சிஸ்டர்" என்று சாமான் அறையைத் திறந்துவிட்டாள். பிரதி எடுக்கும் வேலையை முடுக்கிவிட்டு, குழுவை அழைத்து வர மாடிக்கு ஓடினாள். தொடாதே என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தால் எதையும் தொடுகிறவளாகத் தெரியவில்லை.

குழுவோடு திரும்பி வந்தபோது சின்ன சிஸ்டரின் முகம் மாறியிருந்தது. கண்ணெல்லாம் ஈரம், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்த்துவிட்டாள் போல என்று கம்ப்யூட்டரக்கா நினைத்தாள்.

"நீங்களே அழுத்துங்க சார்" என்றாள்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

குழுவோடு வந்திருந்த மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார். சின்ன சிஸ்டர் எழுந்தே விட்டாள். "இல்ல சார், இப்பத்தான் லேட்டா அடிச்சது. நான் பாத்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அடிச்சது."

"நீங்க மட்டும் இருந்தப்பவா?" என்றார் தலைவர். கேலியில்லை, அலுப்புதான் இருந்தது. "கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

கதவு சாத்தியதும் கம்ப்யூட்டரக்கா மன்றாடினாள். அந்தப் பெண் தொட்டதால்தான் மணி மெமரிக்கு வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு நாள் பூட்டி வைக்க விடுங்கள், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அறையைத் திறந்துவிட்டது யாரு?"

"நான்தான் சார்."

"முதல்ல மணி லேட்டா அடிக்கும்னீங்க. அடிக்கல. இப்ப தொட்டதால அடிச்சதுங்கறீங்க. நாளைக்கு வேற ஒண்ணு சொல்வீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சிநேகிதியைக் காப்பாத்த நினைக்கறது தப்பில்லம்மா. ஆனா ஒருத்தர் செத்துப்போயிருக்காரு."

அவர் கெட்டவரில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார். கம்ப்யூட்டரில் குறையில்லை, கடமையில் தவறிய நர்ஸைப் பணியிலிருந்து நீக்கலாம் என்று முடிவானது. கம்ப்யூட்டரக்காவின் வேலைக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. அதை நினைக்கத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

வெளியே சின்ன சிஸ்டர் பெஞ்சில் இருந்தாள். கம்ப்யூட்டரக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தூங்கிட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுக்கா. வீட்ல கூட அப்படித்தான் கேட்டாங்க. அதான் ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன். லேட்டா அடிச்சுதா, எனக்கு உயிரே வந்துச்சு." விரல்களைப் பிசைந்துகொண்டாள். "அக்கா, நான் தொட்டதாலதான் அவங்க முன்னாடி சரியா அடிச்சிருச்சா?"

கம்ப்யூட்டரக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சே. அது பழைய மெஷின் சிஸ்டர். ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் இழுக்கும். நீங்க தொட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

சின்ன சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டரக்கா அன்று சொன்னதில் யாராவது நம்பியது அந்த ஒன்றைத்தான்.